இன்னொரு மொழி உறங்குவதில்லை



மொராக்கோவின் ரபாட் நகரில் ஒரு கன்னியாஸ்திரீ குழந்தைகள் நலச் செவிலியராக இருந்தார். வயது 48. தாய்மொழி பிரெஞ்சு, ஆனால் பணியிடத்தில் நாள்தோறும் அரபு பேசிப் பேசி அதுவும் அவருக்குக் கைவந்த மொழியாகிவிட்டிருந்தது. மொபெட்டில் போனபோது விபத்து. தலையில் அடி. முதலில் பேச்சே இல்லை. பிறகு மெல்லச் சில அரபுச் சொற்கள் வந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. ஒரு நாள் அரபு சரளமாக வரும். பிரெஞ்சில் ஒரு வாக்கியத்துக்குத் திணறுவார். இன்னொரு நாள் பிரெஞ்சு தங்குதடையின்றி வரும், அரபு தடுமாறும். கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் எந்த நாளும் குறையில்லை. இரண்டு மொழியிலும் சொன்னது சொன்னபடி விளங்கியது.

மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் பராடியும் சகாக்களும் 1982இல் இதை எழுதி வெளியிட்டார்கள். அதில் இதைவிட விசித்திரமான செய்தி ஒன்று இருக்கிறது. தானாகப் பேச வராத மொழிக்குள் மொழிபெயர்க்கச் சொன்னால், அந்தப் பெண்மணி மொழிபெயர்த்தார். அன்றைக்குச் சரளமாக வந்த மொழிக்குள் மொழிபெயர்க்கச் சொன்னால், முடியவில்லை.

ஒரு மொழி அழிந்திருந்தால் அது மறுநாள் திரும்பி வராது. மொழிபெயர்ப்பிலும் தலைகாட்டாது. ஆகவே அவருக்கு அடிபட்டது மொழியில் இல்லை. மொழியை எடுத்தாளும் வழியில். இருமொழியாளரின் மூளையைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் தெரியவந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு நோயாளியின் கதைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இந்தக் கேள்வி பழையது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவருக்கு மூளையில் அடிபட்டு பேச்சு போனால், திரும்பும்போது எந்த மொழி முதலில் திரும்பும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ, பழைய நினைவுகளே உறுதியானவை என்றார். அவர் கணக்குப்படி தாய்மொழிதான் முந்தும். போர்தோ நகர மருத்துவர் ஆல்பெர் பித்ர் 1895இல் வேறு விதமாகச் சொன்னார்: நோய் வரும் முன்பு அதிகமாகப் புழங்கிய மொழியே முதலில் திரும்பும். இருவருக்கும் ஆதரவாக நோயாளிகள் கிடைத்தார்கள். இருவருக்கும் எதிராகவும் கிடைத்தார்கள். ஆனால் பித்ர் சொன்ன இன்னொன்று இன்றைக்கும் நிற்கிறது. மொழிக்கு மொழி தனித்தனி மையம் மூளையில் இருக்க வேண்டிய தேவையில்லை, இழந்ததாகத் தோன்றும் மொழி பல நேரங்களில் முடங்கித்தான் கிடக்கிறது என்றார் அவர். எம்.ஆர்.ஐ. கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, நோயாளிகளின் பேச்சை மட்டும் காது கொடுத்துக் கேட்டு ஒருவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பது மருத்துவ வரலாற்றின் அழகான பக்கங்களில் ஒன்று.

கருவி வந்த பிறகு முதலில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. நியூயார்க்கில் ஜாய் ஹிர்ஷின் குழு இருமொழியாளர்கள் 12 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தது. முந்தைய நாள் என்ன செய்தீர்கள் என்பதை வாய் திறக்காமல் மனத்துக்குள்ளேயே, சொல்லப்பட்ட மொழியில் விவரிக்க வேண்டும். சிறு வயதிலேயே இரண்டு மொழியையும் கற்றவர்களுக்கு, மூளையின் முன்பக்கம் உள்ள புரோக்கா பகுதியில் இரண்டு மொழியும் ஒரே இடத்தில் ஒளிர்ந்தன. வளர்ந்த பிறகு இரண்டாம் மொழி கற்றவர்களுக்கு அதே பகுதிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள் ஒளிர்ந்தன. பொருள் உணரும் வெர்னிக்கே பகுதியில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

12 பேரை வைத்து வரைந்த அந்தப் படம் பாடநூல்களில் வெகுகாலம் குடியிருந்தது. குழந்தைப் பருவம் தாண்டினால் அவ்வளவுதான், மூளை கதவைச் சாத்திவிடும் என்ற எண்ணத்துக்கும் அது தீனி போட்டது. ஆனால் மறு ஆண்டே மிலானில் டேனியேலா பெரானியின் குழு வேறு செய்தி சொன்னது. பத்து வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்றாலும் அதில் நல்ல தேர்ச்சி பெற்ற இத்தாலியர்களுக்கு, கதை கேட்கும்போது இரண்டு மொழிக்கும் மூளை இயங்கும் விதம் பெரிதும் ஒத்திருந்தது. எந்த வயதில் தொடங்கினோம் என்பதைவிட எவ்வளவு தூரம் அந்த மொழிக்குள் போனோம் என்பதே கூடுதல் கனம் பெற்றது.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எவெலினா ஃபெடோரென்கோவின் ஆய்வகம் 2022இல் 12 மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளைப் பேசுவோரை ஆராய்ந்தது. 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையின் பகுதிகளை அவரவர் தாய்மொழியில் ஒலிக்கவிட்டு மூளையைப் படமெடுத்தார்கள். அந்த 45இல் தமிழும் தெலுங்கும் உண்டு. தமிழ் கேட்டவரின் மூளையும் ஃபின்னிஷ் கேட்டவரின் மூளையும் ஸ்வாஹிலி கேட்டவரின் மூளையும் இடது பக்கத்தில், நெற்றிக்குப் பின்னும் பொட்டுப் பகுதிக்கு உள்ளும் பரவிய ஒரே வலைப்பின்னலைத்தான் பயன்படுத்தின. ஆளுக்கு ஆள் சிறு இடமாற்றம் இருந்தது. மொழிக்கு மொழி தனி வலை இல்லை.

அதே ஆய்வகம் ஐந்தோ அதற்கு மேலோ மொழிகள் பேசும் 34 பேரையும் ஆராய்ந்தது. நன்கு தெரிந்த மொழிக்கு அந்த வலைப்பின்னல் அதிகமாகவும், அரைகுறையாகத் தெரிந்ததற்குக் குறைவாகவும், அறவே தெரியாததற்கு மிகக் குறைவாகவும் இயங்கியது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தாய்மொழியிடம் கிடைத்த முடிவு. அதே அளவு தேர்ச்சி பெற்ற பிற மொழிகளோடு ஒப்பிட்டால் தாய்மொழிக்கு மூளை குறைவாகவே உழைத்தது. பிறந்ததிலிருந்து ஓடிய தடத்தில் ஓடுவதற்கு அதிக ஆற்றல் தேவைப்படவில்லை என்றே ஆய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள்.

ஆக, ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடக்கிறது. அப்படியானால் ஒன்று மற்றதில் எப்படிக் கலக்காமல் இருக்கிறது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மேரியனும் 1999இல் வெளியிட்ட சோதனை, எளிமையிலேயே கூர்மையானது. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்த மாணவர் ஒருவர் மேசை முன் அமர்கிறார். கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்யும் கருவி தலையில். மேசைமேல் சில பொருட்கள். அவற்றில் ஒரு தபால்தலை, ஒரு மார்க்கர் பேனா. ரஷ்ய மொழியில் தபால்தலைக்கு 'மார்கா' என்று பெயர். தபால்தலையை எடுத்து வையுங்கள் என்று ரஷ்ய மொழியில் சொல்கிறார்கள். கை சரியாகத் தபால்தலைக்குத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன் கண் ஒரு கணம் மார்க்கர் பக்கம் ஓடிவிடுகிறது. அந்த அறையில் ஒருவரும் ஆங்கிலம் பேசவில்லை. ஆனாலும் 'மார்' என்ற ஒலி காதில் விழுந்ததும் ஆங்கிலமும் எட்டிப் பார்த்துவிட்டது.

வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியரியும் யான் ஜிங் வூவும் 2007இல் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலம் நன்கறிந்த சீன மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டி, பொருளில் தொடர்பு உண்டா என்று மட்டும் கேட்டார்கள். சில இணைகளில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருந்தது. ரயில், பன்றித் தொடை இறைச்சி (ஹாம்) என்ற இரண்டுக்கும் பொருளில் தொடர்பில்லை. ஆனால் சீனத்தில் இரண்டுமே நெருப்பைக் குறிக்கும் 'ஹுவோ' என்ற எழுத்தில் தொடங்குபவை. மாணவர்களின் விடைகளில் இதன் சுவடே இல்லை. கேட்டபோதும் தாங்கள் எதையும் கவனிக்கவில்லை என்றார்கள். தலையில் பொருத்திய மின்முனைகள் மட்டும் பதிவு செய்தன: அந்த ஒளிந்திருந்த எழுத்து திரும்ப வந்தபோதெல்லாம் மூளையின் மின்னலையில் மாற்றம். ஆங்கிலம் படிக்கும்போது அவர்களின் சீனம், அவர்களுக்கே தெரியாமல், விழித்திருந்தது.

இதுதான் இருமொழி வாழ்வின் அடிப்படை நிலவரம். ஒரு மொழியில் பேசும்போது இன்னொன்று உறங்குவதில்லை. விழித்திருப்பதை ஒவ்வொரு நொடியும் அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஆளைப் பார்த்ததும் எந்த மொழி என்று முடிவெடுக்க வேண்டும், பேச்சு நடுவே மூன்றாவது ஆள் வந்தால் மாற்ற வேண்டும், தவறி வந்த சொல்லை நாக்கு நுனியில் பிடித்து நிறுத்த வேண்டும். இந்த வேலையை மொழி வலைப்பின்னல் தனியாகச் செய்வதில்லை. கவனத்தையும் தேர்வையும் பார்த்துக்கொள்ளும் வேறு பகுதிகள் கைகொடுக்கின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள புறணி, மூளையின் நடுப்பிளவை ஒட்டிய சிங்குலேட் பகுதியின் முன்புறம், ஆழத்தில் வால் போல வளைந்திருக்கும் காடேட் என்னும் முடிச்சு ஆகியவை அதில் முக்கியமானவை. லண்டனில் ஜென்னி கிரினியனின் குழு 2006இல் ஜெர்மன்-ஆங்கிலம், ஜப்பானியம்-ஆங்கிலம் பேசுவோரிடம் சோதித்து, மொழி மாறுவதை உணரும் இடமாக இடது காடேட்டைக் காட்டியது.

அந்த ஆழத்து முடிச்சுகள் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் வெரோனா பகுதியிலிருந்து ஒரு சான்று உண்டு. சால்வத்தோரே அலியோத்தியும் ஃபிராங்கோ ஃபாப்ரோவும் 1993இல் எழுதியது. ஒரு மூதாட்டி, பிறந்ததிலிருந்து வெரோனா வட்டார வழக்கில்தான் பேசினார். பள்ளிக்கூடம் மூன்று வருடம். செந்தர இத்தாலியம் தெரியும். ஆனால் பேசுவது வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான். பக்கவாதத்தில் இடது பக்கக் காடேட்டும் அதை ஒட்டிய பகுதியும் பாதிக்கப்பட்டன. பேச்சு திரும்பியபோது வந்தது இத்தாலியம். வாழ்நாள் முழுதும் பேசிய வட்டார வழக்கு வரவில்லை. சொந்த வீட்டாரிடமே அவர் அந்நியரைப் போல இத்தாலியத்தில் பேச வேண்டியதாயிற்று. ரிபோவின் விதியும் இங்கே தோற்றது, பித்ரின் விதியும் தோற்றது. வீட்டுப் பேச்சு என்பது நினைவிருத்திச் சொல்லும் மொழி இல்லை, கை தானாகப் போவதுபோல் நாக்கு தானாக ஓடும் மொழி. அந்தத் தானியக்கத்தைத் தாங்குபவை இந்த முடிச்சுகள். பள்ளியில் முயன்று படித்த மொழி வேறு வழியில் பதிந்திருந்ததால் தப்பியது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இவ்வளவு தூரம் வைத்திருக்கும் நமக்கு இந்த மூதாட்டி தொலைவில் உள்ளவர் அல்லர்.

ரபாட் செவிலியரையும் இப்போது புரிந்துகொள்ளலாம். அவருடைய இரண்டு மொழியும் அப்படியே இருந்தன. அடக்குவதும் விடுவிப்பதும் சீராக நடக்கவில்லை.

நாள்தோறும் இந்த வேலையைச் செய்யும் மூளை உருவத்திலும் மாறுமா என்பது அடுத்த கேள்வி. மாறுகிறது. ஆந்திரேயா மெக்கெல்லியின் குழு 2004இல், இருமொழியாளர்களுக்கு இடது பக்கம் காதுக்குச் சற்று மேலே பின்னோக்கி உள்ள புறணிப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் அடர்த்தியாக இருப்பதைக் கண்டது. சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கும் தேர்ச்சி மிகுந்தவர்களுக்கும் அந்த அடர்த்தி கூடுதல். ஆனால் அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் மொழிகளை எளிதாகக் கற்கிறார்களோ என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால் கற்பதற்கு முன்னும் பின்னும் அதே ஆளைப் படமெடுக்க வேண்டும்.

சுவீடனில் அப்படிச் செய்தார்கள். அந்நாட்டு ராணுவம் மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்க ஒரு பயிற்சிக்கூடம் நடத்துகிறது. இளைஞர்கள் அரபு, டாரி, ரஷ்யம் ஆகியவற்றில் ஒன்றை அசுர வேகத்தில் கற்கிறார்கள். மூன்று மாதத்தில், அவர்களுடைய மூளையின் சில பகுதிகளில் புறணி தடித்திருந்தது. புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸ் பருத்திருந்தது. அதே காலத்தில் அதே அளவு கடுமையாக வேறு பாடம் படித்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை. இது 2012இல் வந்த முடிவு. ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் சிரியாவிலிருந்து வந்த அரபு மொழியினர் ஜெர்மன் கற்பதை ஆறு மாதம் பின்தொடர்ந்து, அதன் முடிவுகளை 2024இல் வெளியிட்டது. அங்கே பார்த்தது பகுதிகளை அல்ல, பகுதிகளை இணைக்கும் வெண்நரம்புத் தடங்களை. சொற்பொருளுக்கும் ஒலிக்கும் உரிய தடங்கள் இரண்டு அரைக்கோளத்திலும் வலுத்தன; இடதையும் வலதையும் இணைக்கும் பாலத்தின் இணைப்பு தளர்ந்தது. இடது பக்கத்தில் ஊறிப்போன தாய்மொழியின் பிடி சற்று விலகி, புது மொழிக்கு வலது பக்கத்திலும் இடம் கிடைக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். போரில் ஊர் இழந்து வந்து, முன்பின் தெரியாத நாட்டில் வகுப்பறையில் உட்கார்ந்தவர்களின் மூளை ஆறே மாதத்தில் இவ்வளவு மாறுகிறது. வயது வந்தோருக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டு மொழி பேசுவது முதுமையில் மூளையைக் காக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஹைதராபாத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் டொரன்டோ. அங்கே எல்லன் பியாலிஸ்டாக்கும் ஃபெர்கஸ் கிரெய்க்கும் மாரிஸ் ஃபிரீட்மனும் 2007இல் மறதி நோய் மருத்துவமனையின் 184 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். இருமொழியாளருக்கு நோயின் அறிகுறி ஏறத்தாழ நான்கு ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. உலகம் முழுதும் செய்தி பரவியது. ஆனால் அதில் ஒரு சிக்கல். டொரன்டோ இருமொழியாளர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். கடல் கடந்து வந்து பிழைக்கத் துணிந்தவர்களின் உடல் வலுவும் மன வலுவும் வேறாக இருக்கலாம். உணவு வேறு, வாழ்க்கை வேறு. தாமதத்துக்குக் காரணம் மொழியா, குடிபெயர்வா? கனடாவில் இருந்துகொண்டு இதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மேலை நாடுகளில் பலவற்றில் இரண்டு மொழி பேசுபவர் என்றாலே, ஒன்று குடியேறியவர், இல்லாவிட்டால் மிகுந்த படிப்பாளி.

ஹைதராபாத்தில் அப்படியில்லை. அங்கே தெலுங்கு வீட்டுக்காரர் கடைத்தெருவில் தக்கனி உருது பேசுவார். உருது வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார். இருவருக்கும் இந்தி ஓடும். படித்தவர்களுக்கு மேலே ஆங்கிலம். யாரும் எங்கிருந்தும் குடியேறி இதைக் கற்கவில்லை. பிறந்த தெருவிலேயே கற்றார்கள். எழுத்தே தெரியாதவர்களும் இரண்டு, மூன்று மொழியில் பேரம் பேசினார்கள். அதே ஊரில் ஒரே மொழியோடு வாழ்ந்து முடித்தவர்களும் இருந்தார்கள். இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் என்றால் அது இதுதான்.

நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவரான சுவர்ணா அல்லாடி இதைக் கண்டுகொண்டார். எடின்பரோவின் தாமஸ் பாக்குடன் சேர்ந்து அவர் 2013இல் 'நியூராலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வில் 648 மறதி நோயாளிகள். அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். அவர்களுக்கு நோய் தொடங்கிய வயது, ஒரே மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக 4.5 ஆண்டு தள்ளியிருந்தது. அல்சைமர் நோயிலும் தாமதம், நெற்றிப் பகுதியைத் தாக்கும் மறதி நோயிலும் தாமதம், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி நோயிலும் தாமதம். படிப்பு, தொழில், ஆண்-பெண் வேறுபாடு, நகரம்-கிராமம் என்று ஒவ்வொன்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளி நின்றது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. பள்ளிப்படிப்பு மூளைக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஒருவருக்கு அந்தக் கையிருப்பு எங்கிருந்து வந்தது? தெருவிலும் சந்தையிலும் அண்டை வீட்டுத் திண்ணையிலும் பேசிய இரண்டாவது மொழியிலிருந்து வந்திருக்கலாம். நம்மூரில் இருமொழி என்ற சொல்லைக் கேட்டதுமே பலருக்கு ஆங்கிலம்தான் நினைவுக்கு வருகிறது. கட்டணம் கட்டிப் படிக்கும் மொழிக்கு மட்டும் மூளை மரியாதை தருவதாக ஒரு மயக்கம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசிக் காய்கறி விற்கும் பெண்மணியை யாரும் பன்மொழிப் புலவர் என்று மேடையேற்றுவதில்லை. ஆனால் அவருடைய மூளை நாளெல்லாம் செய்யும் தேர்வும் அடக்கமும் மாற்றமும்தான் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருப்பது.

அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மொழிக்கு மேல் மூன்று, நான்கு என்று பேசியவர்களுக்குக் கூடுதல் தாமதம் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளியில் எத்தனை மொழி என்ற விவாதம் நம் நாட்டில் எவ்வளவு சூடானது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விவாதத்துக்கு அதன் சொந்த நியாயங்கள் உண்டு, வரலாறு உண்டு, உரிமை உண்டு. முதியோரின் மறதி நோய்ப் பதிவேட்டை அதற்குள் இழுத்து வந்து எந்தத் தரப்பும் ஆயுதமாக்குவது பொருந்தாது.

மூன்று ஆண்டு கழித்து அல்லாடியின் குழு பக்கவாத நோயாளிகள் 608 பேரைப் பற்றி எழுதியது. பக்கவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத் திறன் கெடாமல் இருந்தவர்கள், இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒரு மொழியாளரில் 19.6 விழுக்காடு. இரண்டு மடங்கு. ஆனால் பேச்சிழப்பு வந்தவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மொழி வலைப்பின்னலில் நேரடியாக அடி விழுந்தால் இருமொழியாளருக்கும் பேச்சு போகத்தான் செய்கிறது. காப்பாற்றப்படுவது கவனமும் திட்டமிடலும் நிதானமும். வாழ்நாள் முழுதும் மொழிகளை அடக்கியாண்டதில் பயிற்சி பெற்றது அந்தத் திறன்கள்தான் என்பதோடு இது பொருந்திப் போகிறது.

நோய் இருமொழியாளரைத் தொடாமல் விடுவதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டொரன்டோவில் 2012இல் அல்சைமர் நோயாளிகள் 40 பேரின் சி.டி. ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். பேச்சிலும் நினைவிலும் இரு தரப்பாரும் ஒரே நிலையில் இருந்தபோது, இருமொழியாளரின் மூளையே அதிகம் சுருங்கியிருந்தது. அதாவது அவ்வளவு சேதத்தோடும் அவர்கள் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோய் உள்ளே நடக்கிறது; அறிகுறி வெளியே வரத் தாமதமாகிறது. கையிருப்பு என்பது இதுதான்.

இப்படியெல்லாம் சொன்னாலும், ஆய்வுலகில் இது முடிந்த வழக்கு இல்லை. இருமொழியைப் பற்றிய அறிவியல் ஒரு முறை தலைகீழாகப் புரண்ட அறிவியல். வேல்ஸ் பள்ளிகளை ஆராய்ந்த டி.ஜே. சேர் 1923இல் இருமொழிப் பிள்ளைகள் அறிவில் பின்தங்கியவர்கள் என்று எழுதினார். அவர்களின் ஏழ்மையைச் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை. தாய்மொழியை வீட்டிலும் பேசாதே என்று பெற்றோரை மிரட்ட அப்படிப்பட்ட ஆய்வுகள் பல பத்தாண்டுகள் பயன்பட்டன. மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் 1962இல், குடும்ப வசதி ஒத்த பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு, இருமொழிப் பிள்ளைகளே முந்துவதாகக் காட்டினார்கள். அதன் பின் ஊசல் மறுபக்கம் ஓடியது. இரண்டு மொழி தெரிந்தால் பிள்ளை புத்திசாலியாகிவிடும் என்று விளம்பரமே வந்துவிட்டது.

அந்த ஓட்டத்துக்கு 2013 முதல் கடிவாளம் விழுந்தது. உளவியலாளர் கென்னத் பாப் திரும்பத் திரும்பச் சோதித்தும் இளைஞர்களிடம் அந்த முன்னிலையைக் காணவில்லை. ஏஞ்சலா டி புரூயினும் சகாக்களும் 2015இல், மாநாடுகளில் சொல்லப்பட்ட முடிவுகளில் இருமொழிக்கு ஆதரவானவையே அதிகம் அச்சேறுகின்றன, எதிரானவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்று எடுத்துக்காட்டினார்கள். இணையவழியில் 11,041 பேரைச் சோதித்து 2020இல் வந்த பெரிய ஆய்வும், கவனத்திலோ திட்டமிடலிலோ இருமொழியாளருக்குப் பொதுவான முன்னிலை இல்லை என்றது. மறதி நோயிலும் இதே இழுபறி. மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் தாமதத்தைக் காட்டுகின்றன. நலமாக இருப்பவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் காட்டவில்லை என்று லண்டனில் நஹீத் முகாதம் தலைமையில் 2017இல் வந்த தொகுப்பாய்வு கூறியது. ஹைதராபாத் ஆய்வும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியதுதான்.

ஆனால் எதிர்த்துச் சொல்பவர்களின் ஆய்வுகளில் பல, ஒரு மொழியே ஆளும் சமூகங்களில் செய்யப்பட்டவை. அங்கே இரண்டாவது மொழி வீட்டுக்குள் முடங்கியிருக்கும், அல்லது வகுப்பறையில். ஹைதராபாத்தைப் போல நிமிடத்துக்கு நிமிடம் ஆளுக்கேற்ப மொழி மாறும் வாழ்வு அதுவன்று. இரண்டு மொழி தெரியுமா என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து இரண்டு உலகங்களையும் ஒரே பட்டியலில் அடைத்தால் முடிவுகள் முட்டிக்கொள்ளவே செய்யும். எத்தனை மொழி என்பதைவிட எப்படிப் புழங்குகிறோம் என்பதைக் கேட்கும் ஆய்வுகள் பெருகவேண்டும். அவற்றுக்கு இந்திய நகரங்களைவிடப் பொருத்தமான களம் இல்லை. அந்த வேலையை வெளிநாட்டார் வந்து செய்யட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது.

அதுவரை, இன்றைக்கே பயன்படுத்த வேண்டிய அறிவும் கையில் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய இந்தியரில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவர்களைச் சோதிக்கும் கேள்விகள் எந்த மொழியில் கேட்கப்படுகின்றன? வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசி வாழ்ந்த மதுரைப் பெரியவரை ஒரே மொழியில் மட்டும் சோதித்து, சொல் மறந்துவிட்டது என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மைதான். இதை உணர்ந்து, உலகெங்கும் புழங்கும் ஏ.சி.இ.-3 என்ற நினைவுச் சோதனையை இந்தியாவில் ஏழு மொழிகளுக்கு ஏற்ப அமைத்து 2020இல் வெளியிட்டார்கள். தமிழும் அதில் ஒன்று. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்துக்குப் பிற்பாடு சென்ற சுவர்ணா அல்லாடிக்கு இந்த முயற்சியில் முக்கியப் பங்குண்டு. வெறும் மொழிபெயர்ப்பாக இதைச் செய்ய முடியாது. ஓர் ஆங்கிலேயருக்குத் தெரிந்த முகவரியும் படமும் பழமொழியும் இங்கே கேள்வியாக முடியாது. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கென்று கேள்விகளையே மாற்ற வேண்டும்.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவருக்கும் இது பொருந்தும். எந்த மொழியில் பேச்சுப் பயிற்சி தருவது என்பதை அவரைக் கேட்காமலே, மருத்துவமனையில் வழங்கும் மொழியை வைத்து முடிவு செய்துவிடுவது நம்மிடம் வழக்கமாக இருக்கிறது. ஆய்வாளர்கள் ஸ்வாதி கிரணும் லிசா எட்மண்ட்ஸும் 2006இல், ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசிய பேச்சிழப்பு நோயாளிகள் மூவருக்குச் சொற்பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். வலுக்குறைந்த மொழியில் சொற்களைப் பழக்கியபோது, பழக்காத வலுவான மொழியிலும் அதே சொற்கள் மீண்டன. மூவரை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. பின்னர் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இப்படி நடக்கவும் இல்லை. ஆனால் ஒரு மொழியைத் தொட்டால் மற்றதும் அசையக்கூடும் என்று தெரிந்த பிறகு, நோயாளியின் மொழிகளைப் பற்றிக் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்குவதற்கு நியாயமில்லை. அதற்கு வேண்டிய விவரம் வீட்டாரிடம்தான் இருக்கிறது: எந்த மொழியை எந்த வயதில் கற்றார், யாரிடம் எதில் பேசினார், எந்த மொழியில் கணக்குப் போட்டார், எதில் கோபப்பட்டார், கடைசி ஓராண்டில் எதை அதிகம் பேசினார். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு இந்த விவரங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போவது நல்லது.